இரண்டாவது பதில்

அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்கு எழுபத்தொரு மணி நேரம் இருந்தது. அதுவும் அம்மா கையெழுத்துப் போட்டால்தான்.

"அக்கா வரட்டும். அவ மூஞ்சியப் பாக்காம நான் அந்த மேசைமேல ஏறமாட்டேன்" என்றாள். டாக்டரிடமும் அதையேதான் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தலைநகர் திபிலிசியிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை எங்கள் ஊர் சுக்தீதிக்கு வரும் இதய மருத்துவர் வியாழக்கிழமை காலையில் வருகிறார். இந்த வியாழன் தவறினால் அடுத்த மாதம்தான். அதுவரை அம்மாவின் வால்வு தாங்கும் என்று சொல்ல மருத்துவமனையில் ஒருவரும் தயாராக இல்லை.

பெரியம்மா வீட்டுக்கும் இந்தக் கட்டிலுக்கும் நடுவில் எங்குரி ஆறு ஓடுகிறது. ஆற்றின்மேல் பாலம் இருக்கிறது. பாலத்தின் அந்த முனையில், சண்டைக்குப் பிறகு தனியாகப் பிரிந்துபோன அந்தக் கரைக்காரர்களின் சோதனைச் சாவடி இருக்கிறது. சாவடி இல்லையென்றால் அரை மணி நேரத்தில் வந்துவிடலாம்.

"ஏன்மா இன்னும் வரல அவ?" என்று அம்மா கேட்டாள்.

"பாஸ் புதுப்பிக்கல. இழுத்தடிக்கிறாங்க."

"போன அக்டோபர்லயும் பாஸ் இல்லன்னுதான் சொன்னா. வந்தாளே."

"அப்ப வேற ரூல் இருந்துச்சு."

பக்கத்துக் கட்டிலில் ஜூலியெத்தா இருந்தார். பித்தப்பையில் கல். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். "ரூலா?" என்றார். "அவங்க ரூலு வானிலை மாதிரி. உன் அக்காவ மழை விட்டதும் வரச்சொல்லு."

அம்மா சிரித்தாள். சிரித்தால் மூச்சு வாங்கியது. நான் மடிக்கணினியைத் திறந்து வேலை செய்வதுபோல் உட்கார்ந்துகொண்டேன்.

வேலையும் இருந்தது. நான் திபிலிசியில், தொலைபேசியில் ஆடும் விளையாட்டுகள் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறேன். ஆறு பேர், ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறை. படித்தது இயற்பியல். நாங்கள் செய்துகொண்டிருந்த விளையாட்டில் நீங்கள் எல்லை அதிகாரி. இல்லாத ஒரு நாட்டின் சாவடியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பயணி வருகிறார், தாள்களை நீட்டுகிறார். எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், யாரைப் பார்க்க என்று கேட்கிறீர்கள். அவர் சொல்வதும் தாளில் இருப்பதும் பொருந்தவில்லை என்றால் இரண்டையும் விரலால் தொட வேண்டும். ஒரு மணி அடிக்கும். பயணி இரண்டாவது பதில் சொல்வார். அதைக் கேட்டுவிட்டுப் பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்துவீர்கள்.

அந்த இரண்டாவது பதில்களை எழுதுவது என் வேலை. எல்லாப் பயணிகளுக்கும் எல்லாப் பொருந்தாமைகளுக்கும். நேரில் நாலு பேர் இருந்தால் எனக்குப் பேச்சு வராது. இந்த வேலை மட்டும் எப்படியோ வந்தது.

அக்டோபரில் அம்மாவுக்கு அறுபது வயது முடிந்தது. அறுபதுக்கு அக்கா இல்லாமல் விருந்தா என்று பல நாள் புலம்பிக்கொண்டிருந்தாள். பெரியம்மாவின் பாஸ் காலாவதியாகி, புதியது வரவில்லை. பாஸ் இல்லாதவர்களை ஒரே ஒரு காரணத்துக்குத்தான் விட்டார்கள். உடன்பிறந்தவர், பெற்றவர், பிள்ளை, இவர்களில் யாராவது இந்தக் கரையில் இறந்திருக்க வேண்டும். மூன்று நாள் அனுமதி.

"யாராச்சும் செத்தாத்தான் விடுவாங்களாம்" என்று பெரியம்மா தொலைபேசியில் சிரித்தார். "நம்ம வீட்ல ஒருத்தரும் ஒத்துழைக்கிறதில்ல."

நான் அதை ஒரு கணக்காகப் பார்த்தேன். பெரியம்மாவைப் பெற்றவர்கள் எப்போதோ போய்விட்டார்கள், அது அவர்களிடம் பதிவாகியிருக்கும். மகன் வெளிநாட்டில் இருக்கிறான், அதுவும் பதிவாகியிருக்கும். சண்டை நடந்த வருடத்தில் எல்லோரோடும் இந்தக் கரைக்கு ஓடிவந்தவள் அம்மா. பெரியம்மாவும் வந்தார். இரண்டு வருடம் கழித்து ஹேசல் கொட்டைத் தோப்பை யார் பார்ப்பது என்று திரும்பிப் போனார். அம்மா போகவில்லை. அதனால் அம்மாவைப் பற்றி அந்தக் கரையில் யாருக்கும் எதுவும் தெரியாது. சரிபார்க்க முடியாத ஒரே ஆள்.

"அம்மா செத்துட்டாங்கன்னு சொல்லுங்க" என்றேன்.

பெரியம்மாவின் சிரிப்பு நின்றது.

"வாயக் கழுவு" என்றார் பெரியம்மா.

"சும்மா ஒரு பதில்தானே பெரியம்மா. யாருக்குத் தெரியப்போவுது."

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். எந்த வியாதி என்று சொல்லட்டும் என்று கேட்டார். நான் சொல்லிக் கொடுத்தேன், ஆனால் சாவடியில் அதை யாரும் கேட்கவில்லை. கருப்பு உடை, கருப்புத் துணி, கையில் மெழுகுவர்த்திப் பொட்டலம். வந்து சேர்ந்ததும் எங்கள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நீலப் பூப்போட்ட உடைக்கு மாறினார். விருந்தில் இறந்தவர்களுக்காகக் கோப்பை உயர்த்தும் முறை வந்தபோது எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். அம்மா தேடிப் போனாள். கண் சிவந்திருக்கிறதே என்று கேட்டாள். அடுப்புப் புகை என்றார் பெரியம்மா. மறுபடி உள்ளே வந்து அம்மாவின் ஆயுளுக்காக ஒரே மூச்சில் குடித்தார். யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. உயிரோடு இருப்பவரைச் செத்ததாகச் சொல்வது எங்கள் ஊரில் சாதாரணக் காரியம் இல்லை, சொன்னது பலித்துவிடும் என்பார்கள். ஜனவரியில் அம்மா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள், எழ முடியவில்லை. வால்வு பழுதாகப் பல வருடம் ஆகும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு அது தெரியும். பழுதுக்கும் ஒரு வார்த்தைக்கும் சம்பந்தம் இல்லை என்பதும் தெரியும். தெரிந்து ஒரு பிரயோசனமும் இல்லை.

இப்போது உடன்பிறந்தவரின் அறுவைச் சிகிச்சைக்கும் விட ஆரம்பித்திருந்தார்கள், ஆனால் சாவடிக் கணினியில் அம்மா இறந்துபோயிருந்தாள். தங்கையின் அறுவைச் சிகிச்சை என்று பெரியம்மா போய் நின்றால், எந்தத் தங்கை என்று கேட்பார்கள்.

அன்று மதியம் தோர்னிகே கூப்பிட்டான். எங்கள் குழுவுக்குத் தலைவன். வெள்ளிக்கிழமை விளையாட்டு வெளியாக வேண்டும். நான் படிக்கட்டுப் பக்கம் போய்ப் பேசினேன்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க."

"நல்லது. கேளு, கருப்பு உடைக் கிழவிக்கு ஒரு முடிவு சொல்லு. மொத தடவ வரும்போது புருஷன் செத்துட்டான்னு அழுவுறா. ரெண்டாவது தடவ, புருஷனுக்கு ஒடம்பு முடியல, பாக்கணும்கிறா. மணி அடிக்குது. மூணு பதில் எழுதி வச்சிருக்க. எதாவது ஒண்ணுதான் இருக்கணும்."

அந்தக் கிழவியை எழுதியது நான். தங்கையைக் கணவனாக மாற்றியதோடு சரி. தோர்னிகேவுக்கு அவளைப் பிடித்திருந்தது. எங்கிருந்து பிடித்தாய் என்று கேட்டான். தோன்றியது என்றேன்.

"சோதனை பண்ணவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அது வேற கணவன், ரெண்டாவது கல்யாணம்னு கத விட்டா பச்சை குத்துறாங்க. சிரிச்சுக்கிட்டே குத்துறாங்க. ஒண்ணும் சொல்லாம நின்னா பாதிப்பேரு விடுறாங்க. நான் சொன்னது பொய், அவர் உயிரோட இருக்காருன்னு சொன்னா செவப்பு. கிட்டத்தட்ட எல்லாரும்."

"ஏன்?"

"நீதான ரூல் எழுதின. ஒத்துக்கிட்டா குத்தம் நிரூபணம். அதிகாரிக்கு யோசிக்க வேண்டிய வேலையே இல்ல. அதத் தூக்கிடு நெஸ்தான். உண்மை பேசுற கிழவிய யாரும் பாக்கப்போறதில்ல."

யோசிக்கிறேன் என்றேன். ஆனால் யோசித்தது வேறு. படிக்கட்டிலேயே நின்று பெரியம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஒத்திகை பாக்கலாமா பெரியம்மா?"

"கோழிக்குத் தீனி போட்டுட்டு இருக்கேன். பாத்துக்கிட்டே போடுறேன்."

"நான் அதிகாரி. பேரு?"

"எத்தேரி."

"முழுப்பேரு."

"உனக்குத் தெரியாதா?"

"நான் இப்ப அதிகாரி, பெரியம்மா."

"அப்ப சரிங்கய்யா." முழுப்பெயரைச் சொன்னார்.

"யாரப் பாக்கப் போறீங்க?"

"என் தங்கச்சி லாமாராவ. வியாழக்கிழமை ஆபரேஷன்."

"லாமாரா அக்டோபர்ல இறந்துட்டதா இருக்கே."

கோழிகள் கத்துவது கேட்டது. "சொல்லுங்க பெரியம்மா. இந்த எடத்துல நிறுத்தக் கூடாது."

"அது வேற லாமாரா."

"எந்த லாமாரா?"

"எங்க சித்தப்பா பொண்ணுங்கய்யா. எங்க பாட்டி பேரு லாமாரா. பேத்தி ரெண்டு பேருக்கும் அதே பேரு. தங்கச்சின்னுதான் கூப்பிடுவோம். நீங்க தப்பா எழுதிட்டீங்க."

"தப்பா எழுதிட்டீங்கன்னு சொல்லாதீங்க. அவங்களுக்குக் கோவம் வரும். எழுத்துல கலந்துபோச்சுன்னு சொல்லுங்க."

"கலந்துபோச்சுங்கய்யா."

"எப்படி இறந்தாங்க?"

"நீ சொல்லு."

"மாரடைப்பு."

"மாட்டேன்." குரல் மாறிவிட்டது. "இதயத்தப் பத்திப் பேசாத. வேற எதாவது குடு."

"சரி. ஈரல்."

"ஈரல்னா குடிகாரின்னு நெனப்பான். எங்க சித்தப்பா வீட்ல பொம்பளைங்க யாரும் குடிக்கமாட்டாங்க."

"சித்தப்பாவுக்குப் பொண்ணே கெடையாது பெரியம்மா."

"இல்லாட்டி என்ன? அவளுக்கும் ஒரு மானம் இருக்குல்ல."

கடைசியில் நிமோனியா என்று முடிவானது. நான்கு முறை சொல்ல வைத்தேன். நான்காவது முறை திக்காமல் சொன்னார். முடித்துவிட்டு, "உங்கம்மா நல்லா சாப்பிடுறாளா?" என்று கேட்டார். கஞ்சி குடிக்கிறாள் என்றேன். உப்பில்லாத கஞ்சியை அவள் குடிக்கமாட்டாளே என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை பெரியம்மா பாலத்துக்குப் போனார். பகலில் கூப்பிட்டார். பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தார்.

"விடல."

"என்ன கேட்டாங்க?"

"எல்லாம் சரியாத்தான் சொன்னேன். நிமோனியா சொன்னேன். பாட்டி பேரு சொன்னேன். அக்டோபர்ல சொன்ன லாமாராவோட அப்பா பேரு எங்க அப்பா பேரா இருக்காம். அது எப்படி சித்தப்பா பொண்ணு ஆகும்னு கேட்டான்."

அதை நான் யோசிக்கவில்லை. அங்கே எந்தத் தாளிலும் ஒருவரின் பெயரோடு அப்பா பெயரும் இருக்கும். விளையாட்டிலும் அந்த வரியை நான்தான் வைத்தேன்.

"என்ன சொன்னீங்க?"

"கலந்துபோச்சுன்னு சொன்னேன். அந்தப் பையனுக்கு இருபத்தஞ்சு வயசுகூட இருக்காது. அப்படின்னா செத்த லாமாராவோட இறப்புச் சான்றிதழக் கொண்டாங்க, திருத்திக் குடுக்கிறோம்னான். மரியாதையாத்தான் சொன்னான்." கொஞ்சம் நிறுத்தி, "இல்லாதவளுக்கு எங்க போய் வாங்குறது?" என்றார்.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் விளிம்பில் கணினியை வைத்து, விளையாட்டுக்காக வரைந்து வைத்திருந்த சான்றிதழ் ஒன்றை எடுத்தேன். எழுத்துருவை மாற்றினேன். எங்கள் நாட்டுச் சான்றிதழில் இருப்பதுபோல் ஓரக் கோடுகளைப் போட்டேன். முத்திரை வரைவது எனக்குச் சுலபம். மை ஒரு பக்கம் அழுத்தமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால் நம்புவார்கள். கையெழுத்து பெயரின் கடைசி எழுத்தைத் தொட வேண்டும். இதையெல்லாம் இரண்டு வருடமாகச் செய்கிறேன்.

பெயர் என்று இருந்த இடத்தில் லாமாரா என்று அடித்தேன். குடும்பப் பெயர் அதேதான், சித்தப்பா பெண் அல்லவா. அப்பா பெயரை மாற்றினேன். இறந்த காரணம், நிமோனியா. இறந்த நாள், அம்மாவின் பிறந்தநாளுக்கு முந்தின நாள்.

"அது என் பேருதான?"

அம்மா கண் திறந்திருந்தாள். கண்ணாடி போடவில்லை. பெயரைப் பெரிய எழுத்தில் வைத்திருந்தேன், அது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். நான் கணினியைக் கொஞ்சம் திருப்பினேன்.

"விளையாட்டுக்கு அம்மா."

"என் பேர வச்சிருக்கியா?" அம்மாவின் முகம் மலர்ந்தது. பல நாளாக அப்படிப் பார்க்கவில்லை. "ஜூலியெத்தா, கேட்டியா? பொண்ணு என்னைய விளையாட்டுல போட்டிருக்கா."

"போடட்டும் போடட்டும்" என்றார் ஜூலியெத்தா. "உலகம் பூரா உன்னத் தட்டித் தட்டி விளையாடட்டும். எனக்கும் ஒரு வேஷம் குடும்மா. ஆனா எடுப்பா, முப்பது வயசுல."

"நல்ல வேஷம்தான?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

"ம்."

"நெறைய நேரம் வருவேனா?"

"கொஞ்சம்தான் அம்மா."

"கொஞ்சம் வந்தாப் போதும். எங்க அம்மாவுக்கு ஒரு போட்டோகூடக் கெடையாது." தலையணையைச் சரிசெய்துகொண்டாள். "அக்கா வந்ததும் அவளுக்குக் காட்டு."

நான் வெளியே போய்த் தாழ்வாரத்துக் குழாயில் முகம் கழுவினேன். திரும்பி வந்து சான்றிதழை அனுப்பினேன். பெரியம்மா ஊரில் பள்ளிக்கூடத்துக்கு எதிர்க் கடையில் அச்சிடும் இயந்திரம் இருக்கிறது. அனுப்பியதும் தோர்னிகேவிடமிருந்து செய்தி வந்திருந்தது. கிழவி என்ன ஆனாள் என்று கேட்டிருந்தான். மூன்று பதில்களில் உண்மைப் பதிலை அழித்தேன். வேறு கணவன் என்ற பதிலை வைத்தேன். நன்றி என்று ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினான்.

சாயங்காலம் டாக்டர் ஒப்புதல் தாளோடு வந்தார். நாளை மாலைக்குள் கையெழுத்து இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆளை வைத்துவிடுவார்கள் என்றார். அம்மா அவரிடம் கோபப்படவில்லை. "ஐயா, எனக்குப் பயம் இல்ல. ஒருவேளை எழுந்திரிக்கலன்னா அக்கா என்கிட்ட கடைசியா நேர்ல பேசுனது அக்டோபர்ல இருக்கக் கூடாது. அவ்வளவுதான்" என்றாள்.

டாக்டர் தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை காலை நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். என் தொலைபேசி அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மின்னூட்டத்தில் இருந்தது. அது அடித்தது. திரும்புவதற்குள் அம்மா எடுத்துவிட்டாள். காதில் சரியாக விழவில்லை என்று ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"நெஸ்தான், வரிசையில நிக்கிறேன்" என்றார் பெரியம்மா. "அந்தத் தாள அடுப்புல போட்டுட்டேன். திட்டாத. ரொம்ப அழகாப் பண்ணியிருந்த. கடைக்காரன் பையனே அனுதாபம் சொன்னான். என்னால அதக் கையில புடிக்க முடியலம்மா. அவ பேரு, அவ்வளவு பெருசா."

"எந்தத் தாளு அக்கா?" என்றாள் அம்மா.

பெரியம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

"லாமாரா?"

"நான்தான். என் பேரு எதுல இருந்துச்சு?"

"நீ ஏன் போன எடுத்த? டாக்டர் பேசக் கூடாதுன்னு சொல்லல? கஞ்சி குடிச்சியா? ஐயோ, கூப்பிடுறாங்க. இரு, வைக்கிறேன்."

வைக்கவில்லை. பையில் போட்டுவிட்டார். துணி உரசியது, சாவிக்கொத்து குலுங்கியது. நான் ஈரக் கையோடு கட்டிலருகே வந்து தொலைபேசிக்குக் கை நீட்டினேன். அம்மா அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஜூலியெத்தா தொலைக்காட்சியை அணைத்தார்.

இளைஞன் ஒருவனின் குரல் கேட்டது. கொஞ்சம் தூரத்தில், ஆனால் தெளிவாக.

"திரும்பவுமா?"

"திரும்பவும்தான் தம்பி."

"சான்றிதழ் எங்க?"

"இல்ல."

"வீட்ல மறந்துட்டீங்களா?"

"இல்ல. இல்லவே இல்ல."

நாற்காலி நகர்ந்தது. "பாருங்கம்மா. உங்க தங்கச்சி லாமாரா அக்டோபர்ல இறந்துட்டாங்கன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. இங்க இருக்கு. நேத்து வந்து அது வேற லாமாரா, சித்தப்பா பொண்ணுன்னீங்க. இன்னைக்கு அதுக்கும் தாள் இல்லங்கறீங்க. எதுதான் சரி?"

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் தொலைபேசியையே பார்த்தேன். சித்தப்பா பெண் கதையை இன்னும் காப்பாற்றலாம். சான்றிதழ் எரிந்துபோயிற்று, வீட்டில் தீ விபத்து என்று சொல்லலாம். தேவாலயப் பதிவில் இருக்கிறது, வாங்கிவர ஒரு வாரம் ஆகும், அதற்குள் ஆபரேஷன் முடிந்துவிடும் என்று அழலாம். பதில்கள் வரிசையாக எனக்குள் வந்தன. பெரியம்மாவின் பைக்குள் எதையும் அனுப்ப முடியவில்லை.

"ரெண்டும் சரியில்ல" என்றார் பெரியம்மா.

"என்ன?"

"ரெண்டும் பொய். ஒரே லாமாராதான். கூடப் பொறந்தவ. அவ சாகல. அக்டோபர்ல அவளுக்கு அறுபதாவது பொறந்தநாளு. பாஸ் இல்ல. செத்துட்டான்னு சொன்னாத்தான் விடுவீங்கன்னு சொன்னேன். போய் விருந்து சாப்பிட்டுட்டு வந்தேன்."

முந்தின நாள் நான் அழித்த பதில் அது. இவ்வளவு நன்றாக நான் எழுதியிருக்கவில்லை.

"பொறந்தநாளுக்கா?" என்றான் அவன்.

"ஆமா தம்பி."

"அன்னைக்கு நீங்க இங்க நின்னு அழுதீங்க. நான்தான் தண்ணி குடுத்தேன்."

"தெரியும். நேத்து உன் மூஞ்சியப் பாத்து ரெண்டாவது தடவையும் பொய் சொன்னேன். ராத்திரி பூரா தூங்கல. இப்ப அவளுக்கு நெஜமாவே ஒடம்பு முடியல. நாளைக்குக் காலையில நெஞ்சத் தெறக்கப்போறாங்க. நான் வராம ஒத்துக்கமாட்டேங்கறா. செத்தவளுக்கு யாராவது ஆபரேஷன் பண்ணுவாங்களா, நீயே சொல்லு."

விசைப்பலகை கொஞ்சம் தட்டி நின்றது.

"இதெல்லாம் எழுதுனா உங்க மேல கேஸ் ஆகும்மா. புரியுதா?"

"எழுதிக்க. சரியா எழுது. அப்பா பேர நேத்து மாதிரி கலக்காத."

"இந்த யோசனைய உங்களுக்கு யாரு குடுத்தாங்க?"

நான் தொலைபேசியை நோக்கி இன்னும் குனிந்தேன்.

"யாரும் இல்ல" என்றார் பெரியம்மா. "நானேதான். எழுபது வயசுக் கெழவிக்கு இதுகூடத் தெரியாதா?"

"தனியாவா?"

"எனக்கு அங்க யாரு இருக்கா? கோழிதான் இருக்கு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் சிரித்தானா என்று தெரியவில்லை. "அந்த ஓரமா நாற்காலி இருக்கு, உக்காருங்க. மேல கேக்கணும். நேரமாகும்."

"ஆகட்டும். நான் போகப்போறதில்ல."

பை மறுபடி உரசியது. பிறகு இணைப்பு அறுந்துவிட்டது.

ஜூலியெத்தா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா தொலைபேசியைப் போர்வைமேல் வைத்தாள். முகத்தில் கோபம் இல்லை. பயமா என்று பார்த்தேன், அதுவும் தெரியவில்லை. மூச்சுதான் வேகமாக வந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள்.

"புகைன்னு சொன்னா" என்றாள். "பின்கட்டுல நின்னுட்டு. எனக்கு அப்பவே தெரியும், அன்னைக்கு அடுப்பே பத்தவைக்கல அங்க."

பிறகு மேசையைக் காட்டினாள். "அதக் குடு."

ஒப்புதல் தாளை எடுத்துக் கொடுத்தேன்.

"அவ வரலையே இன்னும்" என்றேன்.

"வந்துட்டா. அங்க உக்காந்திருக்கா. இதுக்கு மேல எப்படி வருவா?" கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரி வரியாகப் படித்து, கீழே கையெழுத்துப் போட்டாள். பேனா ஓரிடத்தில் எழுதவில்லை. அதே இடத்தில் மறுபடி எழுதினாள். தாளை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கப் போனேன், அவள் விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"அக்காவுக்கு ஒரு பொய் சேர்ந்தாப்ல சொல்ல வராது" என்றாள். "சின்ன வயசுல நான் உடைச்ச ஜாடிக்கு அவ அடி வாங்குவா. உடைச்சது யாருன்னு கேட்டா திணறுவா. அன்னைக்கு வாசல்ல நான் பாத்த மெழுகுவர்த்திப் பொட்டலம், கருப்புத் துணி, இப்ப சித்தப்பா பொண்ணு, சான்றிதழ். இதெல்லாம் அவளுக்கு யோசிக்கத் தெரியாது."

நான் தாளைப் பார்த்தேன்.

"என்னப் பாரும்மா."

பார்த்தேன்.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

எனக்கு ஒரு பதில் வந்தது. அதை விழுங்கினேன். இன்னொன்று வந்தது, அதையும் விழுங்கினேன்.

"நான்தான்" என்றேன். "நீ செத்துட்டன்னு சொல்லச் சொன்னது நான்தான் அம்மா."